பிறந்த தேதியும் குடியுரிமையும்

கொச்சியில் தேவரா, மட்டாஞ்சேரி முதலிய இடங்களில் பிழைப்பு நாடிக் குடியேறியுள்ள தமிழ் நேயர்களுக்கு மாநில எல்லையைக் கடந்ததால் குடியுரிமை குன்றுவதில்லை. கடல் கடந்து வந்தோர் நிலைமை அத்தகையதன்று. 1983க்குப் பின் இலங்கையினின்று அகதிகளாக வந்த தமிழரின் மக்களுள் பலர் தமிழ்நாட்டு முகாம்களிலேயே பிறந்தவர்கள்; இலங்கையைக் கண்ணாற் கண்டறியாதவர்கள். அவர்கள் எந்நாட்டினர்?

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு பிறந்த தேதியைப் பார்த்தே விடை கூறுகிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 முடிய இங்குப் பிறந்தோர், அயல்நாட்டுத் தூதர் மக்கள் போன்ற சிலர் நீங்கலாக, இந்தியரே. அதன்பின் பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவர் இந்தியராதல் வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் அதுவும் போதாது. மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருத்தலாகாது. தக்க பாஸ்போர்ட்டின்றி வந்தவரைச் சட்டம் அப்பெயரால் குறிக்கிறது. உயிர் தப்பிப் படகேறியவர் பாஸ்போர்ட்டைத் தேடிக்கொண்டா இருந்திருப்பார்? தாய் தமிழ்நாட்டவர், தந்தை அகதி என்னும் குடும்பத்தில், 2003இல் பிறந்த மூத்த பிள்ளை இந்தியராகவும், 2006இல் பிறந்த இளைய பிள்ளை அயலாராகவும் ஆகிவிடும் விபரீதம் இதனால் நேரக்கூடும்.

1986இல் மண்டபம் முகாமிற் பிறந்த பெண்ணொருவர் பாஸ்போர்ட்டுக் கோரி வழக்காடினார். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர் பிறப்பால் இந்தியரே என 2022இல் தீர்ப்பளித்தது. இரண்டாண்டு பிந்திப் பிறந்திருப்பின் அவ்வாதம் நின்றிராது.

2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவுசெய்து தங்கிய இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமைக்கான தண்டனையினின்று மத்திய அரசு 2025 செப்டம்பரில் விலக்களித்தது. நன்றே, ஆயினும் அவ்வாணை எவரையும் குடிமகனாக்கவில்லை.

1964ஆம் ஆண்டுச் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமை பெற்றுத் திரும்பிய மலையகத் தமிழர் நிலை வேறு. நம் கேரளத்துப் புனலூர் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டோர் அவ்வகையினர். பெற்றோரின் பழைய பாஸ்போர்ட்டு, பிள்ளைகளுக்கு இன்றியமையாச் சான்றாகும். பழந்தாள் என்று எறிந்துவிடலாகாது.

வயதுச் சான்றில்லை என்று கூறிப் பள்ளியிற் சேர்க்க மறுப்பதை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. ஆயினும் 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த நாளையும் இடத்தையும் மெய்ப்பிக்கப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். பிறப்பை 21 நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும். பதிவு பிறந்த இடத்திலேயே நடைபெறும். தேவராவிற் பிறந்த குழந்தைக்குச் சொந்த ஊர் திருநெல்வேலியாயினும் கொச்சி மாநகராட்சியையே நாடவேண்டும்.