பழைய வீட்டைப் புதுப்பிப்போம்

மழை பெய்கிறது. கூரை ஒழுகுகிறது. சொட்டுகிற தண்ணீரைப் பிடிக்க உங்கள் வீட்டில் எத்தனை பாத்திரம் வைக்கிறீர்கள்? ஒன்றா? நான்கா?

திருவனந்தபுரத்தில் வருடத்துக்கு இரண்டு மழைக்காலம். ஜூன் மாதம் இடவப்பாதி தொடங்கும். அக்டோபரில் துலாமழை வரும். இரண்டையும் தாங்க வேண்டியது வீட்டுக் கூரை.

கரமனைப் பக்கம் ஒரு குடும்பம் இருப்பதாக நினைத்துக்கொள்வோம். அப்பா சாலைக் கடைத்தெருவில் சுமை தூக்குகிறார். அம்மா வீட்டில் மாவு அரைத்து விற்கிறார். ஒரு மகன், ஒரு மகள். கூடவே ஆச்சி. வீடு தாத்தா காலத்தது. வெட்டுக்கல் சுவர், ஓட்டுக் கூரை, சிவப்புத் தரை. போன மழையில் ஆச்சியின் கட்டிலுக்கு நேர் மேலே ஒழுகியது. அன்று இரவு வீட்டில் பேச்சு வந்தது.

"அப்பா, இதை இடிச்சிட்டுக் கான்கிரீட் வீடு கட்டிருவோம்" என்றான் மகன்.

"பணத்துக்கு எங்க போறது? வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கணும்லா?" என்றார் அம்மா.

ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உங்க தாத்தா சுமடு எடுத்துச் சேர்த்த காசுல கட்டினது. இடிக்கதுக்கு முன்னால ஒரு தடவை நல்லாப் பாருங்க" என்றார்.

ஆச்சி சொன்னது சரியான பேச்சு. இடிப்பதா, பழுது பார்ப்பதா என்பதைப் பார்த்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். அடகு வைத்த பத்திரத்தை மீட்க முடியாமல் வீட்டையே இழந்தவர்கள் உண்டு.

பேக்கர் என்ற மனிதர்

இந்த ஊரில் பழைய பொருளை மதித்த ஒரு கட்டடக் கலைஞர் வாழ்ந்தார். அவர் பெயர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1945-இல் வேலைக்காக இந்தியா வந்தார். தொழுநோயாளிகள் அடைபட்டிருந்த பழைய விடுதிகளை மருத்துவமனைகளாக மாற்றுவதுதான் அவருடைய வேலை. ஆக, இந்தியாவில் அவர் செய்த முதல் வேலையே பழைய கட்டடத்தைத் திருத்துவதுதான்.

கறையானைப் பற்றியும் நம் ஊர் மழையைப் பற்றியும் அவர் படித்த பாடத்தில் ஒன்றும் இல்லை. கிராமத்துக் கொத்தனார்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். வீடு கட்டும் பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்று காந்தி சொன்னதை அவர் அடிக்கடி நினைவுபடுத்துவார்.

பின்னாளில் திருவனந்தபுரத்துக்கு வந்து நாலாஞ்சிறையில் குடியேறினார். பாறைச் சரிவில் தம் வீட்டைப் பல வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினார். தேவை வந்தபோது ஓர் அறையைச் சேர்த்தார். உடைந்த ஓட்டுத் துண்டும் வண்ணப் பாட்டிலும் அந்த வீட்டில் இடம்பெற்றன. தம்பானூரில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வட்டமாகச் சுற்றி ஏறும் காப்பிக் கடையைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் அவர் கட்டியதுதான். 1990-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2007-இல் காலமானார்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

வேலை தொடங்குமுன் ஒரு நோட்டு வாங்குங்கள். மழை பெய்யும்போது எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று எழுதுங்கள். நம் குடும்பத்தில் மகள் வீட்டின் படத்தை வரைந்தாள். ஒழுகும் இடத்தில் எல்லாம் புள்ளி வைத்தாள். ஒன்பது புள்ளிகள் வந்தன. ஆனால் ஏழு புள்ளிகள் ஒரே வரிசையில் இருந்தன. கூரையில் இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்துக்கு நேர் கீழே அந்த வரிசை இருந்தது. அப்படியானால் கூரை முழுவதும் கெட்டுப் போகவில்லை. பள்ளத்தில் போட்ட தகடு துருப்பிடித்து ஓட்டையாகி இருக்கிறது!

அடுத்து, சுவரில் உள்ள வெடிப்பு. வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போடுங்கள். பக்கத்தில் தேதியை எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். வெடிப்பு கோட்டைத் தாண்டவில்லை, அகலவும் இல்லை என்றால் பயம் இல்லை. அது பழைய வெடிப்பு. அடைத்தால் போதும். கோட்டைத் தாண்டி வளர்ந்தால் அஸ்திவாரம் இறங்குகிறதா என்று இஞ்சினியரிடம் காட்டுங்கள்.

கொத்தனாரை வைத்துத் தூக்குக்குண்டு பிடித்தும் பாருங்கள். சுவர் வெளியே சாய்ந்திருந்தாலும், வயிறு தள்ளியதுபோல் புடைத்திருந்தாலும் அது ஆபத்து. அந்தச் சுவர் ஓரம் யாரும் படுக்கக் கூடாது. பழைய வீடு என்பதற்காக எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. சில சுவர்களை இடித்துத்தான் கட்ட வேண்டும்.

கூரையிலிருந்து தொடங்குங்கள்

பலர் பெயிண்டிலிருந்து தொடங்குகிறார்கள். கண்ணுக்கு அழகு உடனே தெரியும் அல்லவா? ஒரு மழை பெய்ததும் பெயிண்ட் உப்பி உரியும். கொடுத்த காசும் அதோடு உரியும். கூரை, தண்ணீர் போகும் வழி, சுவர், கரண்டு, தரை என்ற வரிசையில் போங்கள். பெயிண்ட் கடைசி.

மங்களூர் ஓடு மிகவும் உறுதியானது. பாசல் மிஷன் என்ற அமைப்பு 1865-இல் மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கியது. பிறகு கேரளத்திலும் பல ஆலைகள் வந்தன. ஓட்டைத் திருப்பிப் பாருங்கள். புடைத்த எழுத்தில் ஆலையின் பெயர் இருக்கும். பாசல் மிஷன் ஓட்டில் 1865 என்று இருந்தால் அது அந்த ஓடு செய்த வருடம் அல்ல. ஆலை தொடங்கிய வருடம்.

ஓட்டை விரலால் தட்டிப் பாருங்கள். நல்ல ஓடு 'டிங்' என்று ஒலிக்கும். விரிசல் விட்ட ஓடு 'டப்' என்று சத்தம் தரும். நல்ல ஓட்டில் பாசி பிடித்திருந்தால் பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவித் திரும்பப் போடலாம். குறைகிற ஓட்டுக்குப் புதிய ஓடு தேட வேண்டாம். புதிய ஓட்டின் அளவு பழைய ஓட்டோடு பொருந்தாமல் போகலாம். இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடையில் அதே ஆலையின் ஓடு கிடைக்கிறதா என்று பாருங்கள். கையில் ஒரு பழைய ஓட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.

ஓட்டுக்கு அடியில் உள்ள மரம்தான் முக்கியம். கைமரத்தின் எந்தப் பகுதி முதலில் கெடும்? சுவருக்குள் நுழையும் முனை. அங்கேதான் ஈரம் தங்கும். ஒரு ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். இறங்காவிட்டால் மரம் நல்லது. கேக்கில் இறங்குவதுபோல் இறங்கினால் கெட்டுவிட்டது. முனை மட்டும் கெட்டிருந்தால் முழு மரத்தையும் மாற்ற வேண்டாம். கெட்டதை வெட்டிவிட்டு, புதிய துண்டைச் சேர்த்து போல்ட் போட்டு முடுக்கலாம். இதை ஆசாரிதான் செய்ய வேண்டும். பலா, அயினி, தேக்கு மரங்கள் இந்தக் காலத்தில் என்ன விலை! நம்முடைய கூரையில் ஏற்கனவே இருப்பதை விறகாக்கலாமா?

கூரையில் ஏறும் வேலை கூலிக்காரர் வேலை. மழை நேரத்திலும் பாசி இருக்கும்போதும் யாரும் ஏறக் கூடாது. மிச்சம் பிடிக்க நினைத்து மகனை ஏற்றிவிடாதீர்கள். கழற்றிய ஓட்டைக் கழுவுவது, அடுக்குவது, எண்ணுவது, இதையெல்லாம் வீட்டார் செய்யலாம். கூலி நன்றாகக் குறையும்.

வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருக்கிறதா? அதை உடைக்கவோ அறுக்கவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீர் தெளித்து நனைத்து, முழுத் தகடாகவே கழற்றச் சொல்லுங்கள்.

சுவர் மூச்சு விட வேண்டும்

நம் ஊர் வெட்டுக்கல் விசித்திரமான கல். மண்ணுக்குள் இருக்கும்போது கோடாலியால் வெட்டலாம். வெளியே எடுத்துக் காற்றுப் பட்டால் இறுகிவிடும். புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் மலப்புறம் அங்காடிப்புறத்தில் இதைப் பார்த்து 1807-இல் தம் புத்தகத்தில் எழுதினார்.

இந்தக் கல் தண்ணீரை உறிஞ்சும். பிறகு காற்றில் உலரும். பழைய காலத்தில் இதன்மேல் சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். சுண்ணாம்பு வழியாக ஈரம் வெளியே போகும். இப்போது அதன்மேல் சிமெண்டு பூசுகிறார்கள். சிமெண்டு ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். சுவர் உள்ளுக்குள் நைந்துபோகும். சில வருடத்தில் பூச்சு பாளம் பாளமாக விழும். "சிமெண்டு போட்டும் நிற்கவில்லையே" என்று நாம் வருந்துகிறோம். சிமெண்டு போட்டதுதான் காரணம்.

ஆகவே சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே போடுங்கள். ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். கடல் மணல் கூடாது, அதில் உப்பு இருக்கிறது. சிப்பிச் சுண்ணாம்பு நீறும்போது கொதிக்கும். தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். தெறிக்கும். குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரால் இருபது நிமிடம் விடாமல் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சுவரின் அடிப்பாகம் ஈரமா? சுவரைப் பார்ப்பதற்குமுன் வெளியே போய்ப் பாருங்கள். பல வருடமாக முற்றத்தில் மண் கொட்டிக் கொட்டி, முற்றம் வீட்டுத் தரையளவு உயர்ந்திருக்கும். மண்ணை வெட்டி எடுத்து, தண்ணீர் விலகிப் போகச் சரிவு செய்யுங்கள். இதற்குக் கொத்தனார் வேண்டாம். மண்வெட்டியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

கரமனை, வலியசாலைத் தெருக்களில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவராக இருக்கலாம். அதில் கை வைப்பதற்குமுன் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். புதிய அறை கட்டுவதற்கோ சுவரை மாற்றுவதற்கோ மாநகராட்சியில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிதாகக் கட்ட வேண்டியிருந்தால்

நம் குடும்பத்துக்குக் குளியலறை தேவைப்பட்டது. இருட்டில் கொல்லைக்கு நடக்க ஆச்சியால் முடியவில்லை. இங்கே பேக்கரின் முறை உதவும். செங்கல்லைப் படுக்க வைக்காமல், விளிம்பில் நிறுத்திக் கட்ட வேண்டும். கற்களுக்கு நடுவில் பொந்து விழும். இதற்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். சுவரின் கனம் குறையாது. கல்லில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சமாகும். பொந்தில் காற்று இருப்பதால் சூடும் குறையும்.

கான்கிரீட் தளம் போட்டாலும் ஒரு வழி உண்டு. தளத்தின் மேல் பாகம் அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழ்ப் பாகத்தில் இழுவையைத் தாங்குவது கம்பி. கம்பிகளுக்கு இடையில் உள்ள கான்கிரீட் வெறும் நிரப்புதான். அந்த இடத்தில் பழைய ஓட்டை வைத்துவிட்டால் சிமெண்டு குறையும். பழைய கூரையில் மிஞ்சிய ஓடு இங்கே பயன்படும். ஆனால் பழைய சுவரின்மேல் யோசிக்காமல் கான்கிரீட் தளம் போடாதீர்கள். அதன் பாரத்தை அந்தச் சுவர் தாங்குமா என்று இஞ்சினியர்தான் சொல்ல வேண்டும். மகனுக்கு இது தெரிந்தபின் அவன் கான்கிரீட் பேச்சைக் குறைத்துக்கொண்டான்.

இந்த முறைகள் தெரிந்தவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். 1985-இல் பேக்கரும், முன்னாள் முதலமைச்சர் அச்சுத மேனனும், பொருளாதார அறிஞர் கே.என். ராஜும், சந்திரதத்தும் சேர்ந்து காஸ்ட்ஃபோர்ட் அமைப்பைத் தொடங்கினார்கள். விளப்பில்சாலையில் பேக்கர் பெயரில் பயிற்சி நிலையமும் இருக்கிறது.

கரண்டும் பெயிண்டும்

பழைய வயரை நம்பாதீர்கள். ஈரச் சுவரும் பழைய வயரும் சேர்ந்தால் உயிர் போகும். லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். கரண்டு கசிந்தால் தானாக நின்றுவிடும் ஆர்.சி.சி.பி. கருவியைக் கட்டாயம் வைக்கச் சொல்லுங்கள். அதில் 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்க வேண்டும். இதில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பழைய கதவு, ஜன்னல் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். உலர்ந்த பெயிண்டைச் சுரண்டித் தூசி கிளப்பாதீர்கள். நனைத்துத் தேய்த்து, துடைத்து எடுங்கள். பெயிண்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2017 முதல் நடப்பில் இருக்கிறது. புதிய டப்பாவில் அதுபற்றி எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

சிவப்புத் தரையை உடைத்து டைல்ஸ் போட வேண்டுமா? என்னைக் கேட்டால் வேண்டாம். விரிசலை அடைத்து, சுத்தமாகத் துடைத்து, துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் பளபளக்கும். அதிகம் தேய்த்தால் வழுக்கும், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் கவனம்.

கணக்கு

கூலி எவ்வளவு, எத்தனை நாள், பொருள் யார் வாங்குவது என்று வேலை தொடங்கும்முன் பேசி நோட்டில் எழுதுங்கள். மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்குங்கள். கொடுத்த பணத்தைத் தேதியோடு எழுதுங்கள். கையில் உள்ள பணம் முழுவதையும் கணக்குப் போடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக வையுங்கள். பழைய வீட்டில் ஓட்டைப் பிரித்தால்தான் சில பழுதுகள் தெரியும்.

நம் குடும்பம் எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செய்யவில்லை. முதல் கோடையில் பள்ளத் தகடும் கூரையும். அடுத்து வயரிங். இரண்டாம் வருடம் சுவரும் குளியலறையும். பெயிண்ட் இன்னும் அடிக்கவில்லை. பத்திரம் அம்மாவின் பெட்டியிலேயே இருக்கிறது.

மிஞ்சிய ஓட்டில் முப்பதைக் கிணற்றடியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் மகள் எழுதியிருக்கிறாள்: "மே மாதம் கூரையைப் பார்க்க வேண்டும். பள்ளத்தில் கிடக்கும் இலையை அள்ள வேண்டும். ஆச்சி கட்டிலுக்கு மேலே முதலில் பார்க்க வேண்டும்."