கேம் மியூசிக் கற்பது எப்படி? கெட்டிமேளத்தில் இருக்கிறது முதல் பாடம்!

மதுரையில் ஒரு கல்யாண மண்டபம். நாகசுரக்காரர் நிதானமாக ஒரு ராகத்தை வாசித்துக்கொண்டிருக்கிறார். "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று குரல் வந்ததும், ராகம் எந்த இடத்தில் இருந்தாலும் சரி, அப்படியே விட்டுவிட்டு மேளம் முழங்குகிறது. தாலி ஏறப்போகும் நொடி எது என்று வாசிப்பவருக்கு முன்கூட்டித் தெரியாது. வீடியோ கேமுக்கு இசையமைப்பவரின் தலைவலியும் இதேதான்.

சினிமா இசையிலிருந்து எப்படி மாறுபடுகிறது?

சினிமாவில் சண்டைக் காட்சி 2 நிமிடம் என்றால் இசையும் 2 நிமிடம். கேமில் ஒருத்தர் அதே சண்டையை 20 நொடியில் முடிப்பார். இன்னொருத்தர் பத்து தடவை செத்து, அரை மணி நேரம் அங்கேயே கிடப்பார். ரெண்டு பேருக்கும் இசை பொருந்தணும், சலிக்கவும் கூடாது. 1978-ல் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' கேமில் திரும்பத் திரும்ப வருவது நான்கே சுரங்கள். எதிரிகள் குறையக் குறைய அது வேகமெடுக்கும். ஆடுபவருக்கு வியர்க்க அதுவே போதும்.

என்னென்ன கற்க வேண்டும்?

முதலில் 'லூப்'. முடிவும் தொடக்கமும் ஒட்டிய இடம் காதுக்குத் தெரியக்கூடாது. அடுத்தது 'லேயர்'. ஒரே வேகத்தில் தம்பூரா, வயலின், தவில் எனத் தனித்தனியாகப் பதிவுசெய்து, எதிரி நெருங்கும்போது தவிலை மட்டும் ஏற்றுவது.

மூன்றாவதுதான் கஷ்டம்: ஒரு இசையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது. தாளம் கற்றவர்களுக்கு இது சட்டெனப் பிடிபடும். நிமிடத்துக்கு 60 அடி வேகத்தில் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் 8 நொடி. ஆவர்த்தனம் முடிந்துதான் இசை மாறும் என்று வைத்தால், புலி பாய்ந்து 8 நொடி வரைக்கும் அமைதியான இசையே ஓடலாம். அதற்குள் ஆள் காலி! அடுத்த அடியிலேயே மாறும்படி வைக்கலாம். அல்லது பாய்ந்த நொடியில் ஒரு சின்ன முழக்கத்தைப் போட்டு இடைவெளியை மறைக்கலாம்.

மதுரையிலிருந்தே கற்க முடியுமா?

முடியும். தாள அறிவுக்குப் பசுமலை அரசு இசைக் கல்லூரி போன்ற இடங்கள் இருக்கின்றன. இசையை கேமுடன் இணைக்க 'எஃப்மாட்', 'வைஸ்' மென்பொருள்கள் உண்டு; கற்பதற்கு இரண்டும் இலவசம். கணினியில் இசை உருவாக்க 'எல்எம்எம்எஸ்' முழுக்கவே இலவசம். ஆகவே பெரிய தொகை கேட்கும் ஆன்லைன் வகுப்பில் சேரும் முன், இவற்றில் ஒரு மாதம் கைவைத்துப் பாருங்கள்.

தமிழ் இசை கேமில் எடுபடுமா?

எடுபட்டிருக்கிறது. கனடாவின் 'விசை கேம்ஸ்' 2023-ல் வெளியிட்ட 'வெண்பா', புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் சமையலறைக் கதை. வெவ்வேறு காலத் தமிழ் சினிமா பாணியில் புதிதாக இசையமைத்த பாடல்கள் அதில் ரேடியோவில் ஒலிக்கும். 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதையும் அது வென்றது.

வாய்ப்பு எங்கே கிடைக்கும்?

பெரும்பாலும் 'கேம் ஜாம்'களில். முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து இரண்டு, மூன்று நாளில் ஒரு கேமை உருவாக்கும் போட்டிகள் இவை. காசு வராது, கூட்டாளிகள் கிடைப்பார்கள். அவர்களோடு காசுக்கு வேலை செய்யும் நாள் வந்தால், இசையின் உரிமை யாருக்கு, பெயர் போடுவார்களா, கேம் விற்றால் பங்கு உண்டா என்ற மூன்றையும் முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். நண்பர்தானே என்று வாய்ப்பேச்சோடு விடுவதில்தான் பிரச்சினை ஆரம்பிக்கிறது.