தொலைநகல் அனுப்பினால் போதுமா? அச்சுப்பொறியில் கவனிக்க வேண்டியவை

திருவனந்தபுரம்: ஜம்மு-காஷ்மீரில் ஆட்சியமைக்க உரிமை கோரி மெஹபூபா முஃப்தி 2018 நவம்பர் 21 அன்று அனுப்ப முயன்ற கடிதத்தை ஆளுநர் மாளிகையின் தொலைநகல் இயந்திரம் பெறவில்லை. அன்றிரவே சட்டப்பேரவை கலைக்கப்பட்டது. விடுமுறை நாளென்பதால் இயந்திரத்தைக் கவனிக்க ஆளில்லை என ஆளுநர் சத்யபால் மாலிக் பின்னர் விளக்கமளித்தார்.

வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள அச்சுப்பொறியிலிருந்து தொலைநகல் அனுப்ப, அதனுள் ஃபேக்ஸ் மோடம் இருத்தல் அவசியம். ஸ்கேன் வசதியுள்ள எல்லா மாடல்களிலும் இது இருப்பதில்லை. பின்புறம் 'லைன்' எனக் குறித்த துளையில் தொலைபேசிக் கம்பியைச் செருகி, தேதி, பெயர், எண் ஆகியவற்றைப் பதிய வேண்டும். தாளின் மேல்விளிம்பில் அச்சாகும் எண் இதுவே என்பதால், திருவனந்தபுரத்தில் இருப்போர் 0471 சேர்த்துப் பதிவது நல்லது.

சிக்கல் பெரும்பாலும் இணைப்பில்தான். ஒளியிழை இணைப்புக்கு மாறியோர், சுவரிலுள்ள பழைய முனையில் அல்லாது ஒளியிழை மோடத்தின் தொலைபேசி முனையில் கம்பியைச் செருக வேண்டும். இவ்விணைப்பில் ஒலி, இணையத் தரவுத் துணுக்குகளாகச் செல்கிறது. பேச்சில் ஒரு துணுக்கு விடுபட்டால் காது பொறுத்துக்கொள்ளும். தொலைநகலிலோ பரிமாற்றமே முறிந்துவிடலாம். அவ்வாறு நேர்ந்தால், அனுப்பும் வேகத்தை விநாடிக்கு 33,600 பிட்டிலிருந்து 14,400 அல்லது 9,600 ஆகக் குறைத்துப் பார்க்கலாம்.

இறுதியில் அச்சாகும் அறிக்கையில் 'ஓகே' என்றிருப்பின், மறுமுனை இயந்திரம் பெற்றுவிட்டது என்றே பொருள். தாளை எவரேனும் எடுத்தாரா என்பதைத் தொலைபேசியில்தான் கேட்டறிய வேண்டும்.