ஷிஃப்ட் முடிந்தால் காமிக்ஸ்: கல்விக் கடனுக்காக எண்ணெய் வயலுக்குப் போன கேட் பீட்டன்! வேலையும் படமும் சேர்ந்து ஓடுவது எப்படி?

காமிக்ஸ் உலகின் ஆஸ்கர் என்று சொல்லப்படும் ஐஸ்னர் விருதில், 2023-ல் ஒரே புத்தகத்துக்காக இரண்டு விருதுகளைத் தட்டிச் சென்றார் கனடாவைச் சேர்ந்த கேட் பீட்டன். புத்தகத்தின் பெயர் 'டக்ஸ்'. அதாவது வாத்துகள். அமெரிக்க முன்னாள் அதிபர் ஒபாமா 2022-ல் தனக்குப் பிடித்த புத்தகங்கள் என்று வெளியிட்ட பட்டியலிலும் இது இருந்தது.

இந்தப் புத்தகம் பேசுவது சூப்பர் ஹீரோக்களைப் பற்றி இல்லை. பி.ஏ. முடித்த ஒரு பெண், கல்விக் கடனை அடைக்க 2 ஆண்டுகள் எண்ணெய் வயலில் வேலை பார்த்த கதை. அந்தப் பெண் கேட் பீட்டன்தான்.

பகலில் சம்பளத்துக்கு ஒரு வேலை, மிச்ச நேரத்தில் தனக்குப் பிடித்த படம். உலகம் முழுக்க சுயாதீன காமிக்ஸ் ஓவியர்கள் பலர் இப்படித்தான் ஓட்டுகிறார்கள். 'வேலையை விட்டுட்டு முழுசா இதுலயே இறங்கிடலாமா?' என்ற கேள்வி அவர்களைத் துரத்திக்கொண்டே இருக்கும். இரண்டு வேலையையும் ஒன்றாக ஓட்டுவது எப்படிச் சாத்தியமாகிறது? அதற்கு என்ன விலை? பார்க்கலாம்.

யார் இந்த கேட் பீட்டன்?

கனடாவின் கிழக்குக் கோடியில், நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் கேப் பிரெட்டன் என்றொரு தீவு இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கமும் இரும்பாலையும்தான் ஒரு காலத்தில் அந்தத் தீவுக்கு உயிர். 2001-ல் இரண்டுமே இழுத்து மூடப்பட்டன. அதற்கும் பல ஆண்டுகள் முன்பிருந்தே, வேலை வேண்டும் என்றால் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத விதி. அந்தத் தீவில் மபூ என்ற சின்ன ஊர்க்காரர் பீட்டன். 1983-ல் பிறந்தவர்.

மவுன்ட் அலிசன் பல்கலைக்கழகத்தில் வரலாறும் மானுடவியலும் படித்தார். அங்கே மாணவர் பத்திரிகைக்குப் படம் வரைந்ததுதான் ஆரம்பம். 2005-ல் பட்டம் கைக்கு வந்தது. கூடவே கல்விக் கடனும் வந்தது. பி.ஏ. வரலாறு படித்தவருக்கு ஊரில் என்ன வேலை கிடைக்கும்? நம்ம ஊரில் கேட்கும் அதே கேள்விதான் அங்கேயும்.

அப்போது நாட்டின் இன்னொரு பக்கத்தில், ஆல்பர்ட்டா மாகாணத்தின் ஃபோர்ட் மெக்மரே பகுதியில், எண்ணெய் மணல் தொழில் சூடுபிடித்திருந்தது. தார் போலக் கெட்டியான எண்ணெய் கலந்த மணலைத் தோண்டி, அதிலிருந்து எண்ணெயைப் பிரித்தெடுக்கும் தொழில் இது. கேப் பிரெட்டன் ஆட்கள் கூட்டம் கூட்டமாக அங்கே போய்க்கொண்டிருந்தார்கள். 21 வயதில் பீட்டனும் கிளம்பினார்.

அவருக்குக் கிடைத்தது டூல் ரூம் வேலை. ஸ்பேனர் கேட்டால் எடுத்துக் கொடுக்கணும், திரும்பி வந்தால் கணக்கில் வைக்கணும். 12 மணி நேர ஷிஃப்ட். நகரத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, தொழிலாளர் முகாமில் தங்கல். சுற்றிலும் ஆண்கள், பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

இடையில் ஓர் ஆண்டு, அந்த இடமே வேண்டாம் என்று விக்டோரியா நகரத்துக்குப் போனார். அங்கே கடல்சார் அருங்காட்சியகத்தில் வேலை. படித்த படிப்புக்கு ஏற்ற வேலைதான். ஆனால் அந்தச் சம்பளம் கடனுக்குக் காணாது. வேறு வழியில்லாமல் மறுபடியும் எண்ணெய் வயலுக்கே திரும்பினார்.

காமிக்ஸ் எப்போது தொடங்கியது?

அந்த அருங்காட்சியக காலத்தில்தான். 2007-ல் வரலாற்று நாயகர்களை வைத்துச் சின்னச் சின்ன நகைச்சுவை காமிக்ஸ் வரைந்து இணையத்தில் போடத் தொடங்கினார். நெப்போலியன், டெஸ்லா, பிரான்டே சகோதரிகள் எனப் பாடப்புத்தக ஆட்கள் எல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி சண்டை போடுவார்கள். எண்ணெய் வயலுக்குத் திரும்பிய பிறகும் வரைவதை அவர் விடவில்லை.

'ஹார்க்! எ வேக்ரண்ட்' என்ற பெயரில் அந்தத் தொடர் பரவியது. 2008-ல் கடன் முழுவதும் அடைந்தது. அதன் பிறகுதான் எண்ணெய் வயலுக்கு முழுக்குப் போட்டார். 2011-ல் ட்ரான் அண்ட் குவார்ட்டர்லி பதிப்பகம் அந்தக் காமிக்ஸைத் தொகுத்து வெளியிட, புத்தகம் நியூயார்க் டைம்ஸின் விற்பனைப் பட்டியலில் ஏறியது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 'பிடித்ததைச் செய், பணம் தானா வரும்' என்று மேடையில் பேசுபவர்கள் இந்தக் கதையின் பின்பாதியை மட்டும்தான் சொல்வார்கள். கடன் அடைந்த பிறகே அவரால் அந்த வேலையை விட முடிந்தது என்பது முன்பாதி.

நேரம்தான் வில்லன்!

காமிக்ஸ் பக்கம் ஒன்று தயாராவதில் எத்தனை வேலை இருக்கிறது என்று படிக்கும்போது தெரியாது. முதலில் கதை, வசனம். பிறகு கட்டங்களைப் பிரித்து ஒரு கச்சா வரைவு. பென்சில். அதன் மேல் மை. பிறகு வசன எழுத்து. வண்ணம் என்றால் அது தனி. நாள் முழுக்க இதையே செய்பவருக்குக்கூட, நாளுக்கு ஒரு பக்கம் என்பது நல்ல வேகம்தான்.

இப்போது கணக்குப் போடுவோம். ஒரு பக்கத்துக்கு 8 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் முடிந்து, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் தினமும் 2 மணி நேரம் தேறலாம். ஒரு பக்கம் முடிய 4 நாள். 400 பக்கப் புத்தகம் என்றால் 1,600 நாள். ஒருநாள்கூட காய்ச்சல் வராமல், கல்யாணம் காதுகுத்துக்குப் போகாமல் வரைந்தாலும் 4 ஆண்டுகளுக்கு மேல்!

வேலைக்குப் போகிறவர்கள் குட்டிக் காமிக்ஸாகத் தேடிப் போவதற்கு இதுதான் காரணம். மூன்று முதல் ஆறு கட்டம், கறுப்பு வெள்ளை, அலங்காரம் இல்லாத கோடு என்றால் இரண்டு மூன்று இரவில் முடித்துவிடலாம். பீட்டனின் ஆரம்பகாலக் காமிக்ஸ் அப்படித்தான் இருக்கும். அவசரமாகக் கிறுக்கியது போலத் தெரியும், ஆனால் முகபாவம் மட்டும் பிசகாது.

இன்னொரு உதாரணம், 'எக்ஸ்கேசிடி' என்ற இணையக் காமிக்ஸ். அதை வரையும் ராண்டல் மன்றோ இயற்பியல் படித்தவர். 2005-ல் தொடரை இணையத்தில் தொடங்கியபோது, நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் ஒப்பந்த முறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்கு நாலு குச்சி. மனிதர்கள் அவ்வளவுதான்! 2006-ல் நாசா ஒப்பந்தம் முடிந்த பிறகு காமிக்ஸே முழுநேரத் தொழில் ஆனது. காமிக்ஸ் இலவசம், டி-ஷர்ட் விற்று வருமானம் என்ற வழியில் சமாளித்தார். குச்சி மனிதர்களை வைத்தே வாரம் மூன்று காமிக்ஸ் போட முடிந்தது.

ஆக, படம் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஓவியர் மட்டும் முடிவு செய்வதில்லை. ஷிஃப்ட் நேரமும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

வேலையை விடாமலே புகழ் பெற்றவர்!

எல்லோரும் வேலையை விட்டுவிடுவதில்லை. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரில், முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு மருத்துவமனையில் ஃபைல் கிளார்க்காக இருந்தவர் ஹார்வி பீகார். நோயாளிகளின் கோப்புகளை எடுத்து வைப்பதுதான் வேலை. 1960-களின் நடுவில் சேர்ந்தவர், 2001-ல்தான் ஓய்வு பெற்றார்.

பீகாருக்கு ஒரு பெரிய சிக்கல். அவருக்குப் படம் வரையவே வராது! ஜாஸ் இசைத்தட்டு சேகரிக்கும் பழக்கத்தால் 1962-ல் ராபர்ட் கிரம்ப் என்ற ஓவியரின் நட்பு கிடைத்திருந்தது. கிரம்பும் அப்போது அதே ஊரில் வாழ்த்து அட்டை கம்பெனியில் சம்பளத்துக்கு வரைந்துகொண்டிருந்தவர்தான். பின்னாளில் குச்சி மனிதர்களை வைத்துக் கதையைக் கட்டம் கட்டமாகப் போட்டு பீகார் காட்ட, கிரம்ப் அதை வரைந்து கொடுத்தார். 1976-ல் சொந்தக் காசைப் போட்டு 'அமெரிக்கன் ஸ்ப்ளெண்டர்' இதழைத் தொடங்கினார் பீகார். ஆண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வந்தது.

கதை என்ன தெரியுமா? ஆபீசில் சக ஊழியர்களோடு பேசிய பேச்சு, கடையில் எந்த வரிசையில் நின்றால் சீக்கிரம் நகரும் என்ற கவலை, கார் ஸ்டார்ட் ஆகாத காலை. கதைக்காக அவர் எங்கேயும் தேடி அலையவில்லை. எட்டு மணி நேரம் எந்த இடத்தில் இருந்தாரோ, அந்த இடமே கதை.

1980-களில் டேவிட் லெட்டர்மேனின் டிவி நிகழ்ச்சியில் அடிக்கடி வந்தார். 2003-ல் அவர் வாழ்க்கை சினிமாவாகவும் வந்து, சன்டான்ஸ் விழாவில் பரிசு வாங்கியது. டிவி புகழ் வந்த பிறகும் ஃபைல் கிளார்க் வேலைக்குப் போய்க்கொண்டேதான் இருந்தார் மனிதர்.

ஏன்? காரணம் புரியாத புதிர் ஒன்றுமில்லை. இதழ் விற்று வரும் காசு நிச்சயமில்லை, மாதச் சம்பளம் நிச்சயம். அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் வேலையோடு ஒட்டித்தான் வரும். 1990-ல் பீகாருக்குப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தச் சிகிச்சைக் காலத்தையும் மனைவி ஜாய்ஸ் பிராப்னருடன் சேர்ந்து 1994-ல் காமிக்ஸ் புத்தகமாக்கினார்.

'சுயாதீனம்' என்றால் என்ன?

பெரிய கம்பெனிக்குச் சம்பளத்துக்கு வரையலாமே, அதுவும் காமிக்ஸ் வேலைதானே என்று கேட்கலாம். வரையலாம். ஆனால் அந்தக் கதாபாத்திரம் உங்களுடையது ஆகாது. சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் இருவரும் 1938-ல் அதன் உரிமையை விற்ற விலை 130 டாலர். அதற்குப் பிறகு அந்த உரிமைக்காக ஆயுசு முழுக்கப் போராட வேண்டி வந்தது.

வேறு வேலையில் சம்பாதித்துக்கொண்டு வரைபவருக்கு இந்தப் பிரச்னை இல்லை. என்ன வரைவது, எப்போது நிறுத்துவது என்பதை அவரே முடிவு செய்யலாம். பத்து பேர்தான் படித்தார்கள் என்றாலும் அரிசி பருப்புக்குப் பங்கம் வராது. பகல் வேலை கொடுக்கும் பெரிய சுதந்திரம் இதுதான். பதிலுக்கு அது தூக்கத்தையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் எடுத்துக்கொள்ளும்.

வாத்துகள் எங்கே வந்தன?

மறுபடியும் பீட்டனிடம் வருவோம். 2008 ஏப்ரலில், சின்க்ரூட் நிறுவனத்தின் கழிவு நீர்த் தேக்கம் ஒன்றில் வாத்துகள் கூட்டமாக வந்து இறங்கின. எண்ணெய்ப் பிசுக்கில் சிக்கிச் செத்தவை சுமார் 1,600. உலகம் முழுக்க அது செய்தியானது. 2010-ல் அந்த நிறுவனத்துக்கு 30 லட்சம் கனடா டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

எண்ணெய் வயலில் நாள்கணக்கில் கேட்ட ஆபாசப் பேச்சு, அறைக் கதவு வரை வந்த தொல்லை, தான் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானது. இவை எல்லாவற்றையும் பீட்டன் 'டக்ஸ்' புத்தகத்தில் வரைந்திருக்கிறார். அதே ஆண்கள் வீட்டைப் பிரிந்து, தனிமையில் உடைந்துபோய்க் கிடந்ததையும் வரைந்திருக்கிறார். செத்த வாத்துகளுக்காகப் பேசிய உலகம், அந்த முகாமில் இருந்த மனிதர்களைப் பார்க்கவில்லை என்ற ஆதங்கம் புத்தகம் முழுக்க ஓடுகிறது.

ஆனால் அங்கே இருந்தபோது அவர் இணையத்தில் போட்டுவந்த காமிக்ஸில் இது எதுவும் கிடையாது. அங்கே நெப்போலியன்தான் இருந்தார்! 12 மணி நேரம் அந்த இடத்தில் நின்றுவிட்டு வருபவர், மிச்ச நேரத்திலும் அதையே வரைய உட்காருவாரா என்ன? பீகார் ஆபீசை உடனுக்குடன் கதையாக்கினார், பீட்டனால் அது முடியவில்லை. இருவரின் வேலையும் ஒரே மாதிரியான வேலை இல்லையே.

எண்ணெய் வயலை விட்டு வந்து 6 ஆண்டு கழித்து, 2014-ல்தான் அதைப் பற்றி ஐந்து பகுதிகளாக ஒரு கச்சா காமிக்ஸ் வரைந்து இணையத்தில் போட்டார். 2018-ல் 'ஹார்க்! எ வேக்ரண்ட்' தொடரை முடித்துக்கொண்டார். அதற்குள் சொந்த ஊரான கேப் பிரெட்டனுக்கே திரும்பியிருந்தார். 400 பக்கங்களுக்கு மேல் நீளும் 'டக்ஸ்' 2022-ல் வெளிவந்தது. 2023-ல் கனடாவின் பிரபல 'கனடா ரீட்ஸ்' போட்டியிலும் அதுவே வென்றது.

இரண்டு ஆண்டு வேலை. அதைப் புத்தகமாகக் கொண்டுவர, கடன் அடைந்த பிறகும் 14 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.