காற்றும் சிறு ட்ரோனும்

திசை நான்கினின்றும் வரும் காற்றுக்கு நான்கு பெயரிட்டு வழங்கினர் நம் முன்னோர். வடக்கினின்று வருவது வாடை. தெற்கினின்று வருவது தென்றல். கிழக்கினின்று வருவது கொண்டல். மேற்கினின்று வருவது கோடை. உழவனும் கடலோடியும் காற்றின் திசையையும் வலியையும் அறிந்தே தத்தம் தொழிலைத் தொடங்கினர். அவ்வறிவு இக்காலத்தில் மற்றொரு சாராருக்கும் இன்றியமையாததாயிற்று. அவர் யாரெனின், ட்ரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு விமானத்தைப் பறக்கவிடுவோர். கல்லூரி விளையாட்டுப் போட்டி, கோயில் தேர்த்திருவிழா, திருமணம் முதலியவற்றை வானினின்று படம்பிடித்தல் இன்று வழக்கமாகிவிட்டது. அங்கெல்லாம் ட்ரோனுக்கு அண்மையில் மக்கள் கூட்டம் நிற்கின்றது. காற்றின் இயல்பை அறியாது அதனை எழுப்புவோன் தன் பொருளை இழப்பதோடு பிறர் கண்ணுக்கும் தலைக்கும் ஊறு விளைத்தலும் கூடும். ஆதலின் இப்பொருள் பற்றிச் சில கூறுதல் பயனுடைத்து.

சிறு ட்ரோன்களுட் பல 249 கிராம் நிறையுடையனவாகச் செய்யப்படுகின்றன. 250 கிராமுக்குக் குறைந்தவற்றிற்குப் பல நாடுகளின் சட்டங்கள் சில சலுகைகள் அளிப்பதே இதற்குக் காரணம். 2019இல் வெளிவந்த மவிக் மினி செக்கனுக்கு 8 மீற்றர் வேகக் காற்றையும், 2020இல் வெளிவந்த மினி 2 செக்கனுக்கு 8.5 முதல் 10.5 மீற்றர் வரையான காற்றையும் தாங்கும் என அவற்றை ஆக்கியோர் அறிவித்தனர். இவ்வெண்கள் கருவியின் எல்லையைக் குறிப்பனவேயன்றி, அவ்வளவு காற்றில் அச்சமின்றிப் பறக்கவிடலாம் என்பதற்குச் சான்றாகா.

சிறியதைக் காற்று எளிதில் அலைப்பது ஏன்? ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பாதியாக்கினால் காற்று மோதும் பரப்புக் காற்பங்காகும், நிறையோ அரைக்காற்பங்காகும். எனவே நிறையை நோக்கக் காற்றின் தள்ளுகை சிறியதன்மீது மிகுகின்றது. அன்றியும், காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளரும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். மாலையில் காற்றுச் 'சற்றே' கூடிற்று என நாம் எண்ணுங்கால், ட்ரோன் உணர்வது சற்றேயன்று.

காற்றில் ட்ரோன் ஓரிடத்தில் நிற்குமாறு யாதெனின், காற்று வரும் திசை நோக்கித் தன் உடலைச் சாய்த்துக்கொள்ளுதலேயாம். அப்போது விசிறிகளின் விசையில் ஒரு பகுதி காற்றை எதிர்க்கவும், எஞ்சியது நிறையைத் தாங்கவும் பயன்படும். 30 பாகை சாய்ந்து நிற்கும் ட்ரோன், உயரம் குறையாதிருக்க ஏறக்குறைய 15 சதவீதம் மிகுதியான விசையைத் தரல் வேண்டும். அதற்கேற்ப மின்கலமும் விரைந்து இறங்கும். மினி 2 அதிகப்பட்சம் 31 நிமிடம் பறக்கும் என்பது காற்றற்ற வெளியிற் பெற்ற கணக்கு. காற்று வீசும் திடலில் அதனை எதிர்பார்த்தல் தவறு.

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டங்கள் எழும் காட்சியை அறியாதார் நம்முள் இலர். பட்டம் நூலினால் நிலத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதால், காற்று அதனைத் தாங்கி நிற்கின்றது. ட்ரோனுக்கு அத்தகைய நூல் இல்லை. அஃது ஓடும் நீரிற் செல்லும் தோணி போன்றது. நீரோட்டத்தோடு செல்லுங்கால் தோணி விரையும். எதிர்த்து வருங்கால் தளரும். செக்கனுக்கு 10 மீற்றர் செல்லவல்ல ஒரு ட்ரோன், 8 மீற்றர் வேகக் காற்றோடு போகின்றது எனக் கொள்வோம். அதன் வேகம் 18 மீற்றராகும்; 540 மீற்றரை 30 செக்கனிற் கடக்கும். மீளும்போது அதன் வேகம் 2 மீற்றரே. அத்தூரத்திற்கு 270 செக்கன், அதாவது நாலரை நிமிடம் வேண்டும். காற்று 10 மீற்றராயின் அது முன்னேறாது. அதற்கு மேற்படின் பின்னோக்கி அடித்துச் செல்லப்படும். ஆதலின் முதலிற் காற்றை எதிர்த்துச் சென்று, காற்றோடு மீள்வதே முறை.

நிலத்தருகே மரமும் மதிலும் காற்றைத் தடுத்தலால் அங்கு வேகம் குறைவு. மேலே செல்லச் செல்ல அது கூடும். முற்றத்தில் இலை அசையாதிருப்பினும் பனையின் உச்சியில் ஓலை சலசலத்தல் இதற்குச் சான்று. உயர்ந்த கட்டடத்தின் பின்புறம் அமைதியாய்த் தோன்றினும், அங்கே காற்றுச் சுழன்று மேலும் கீழும் புரளும். சீரான காற்றினும் இச்சுழற்சி கொடிது. ட்ரோனை மண்டபங்களுக்கும் கோபுரங்களுக்கும் அணித்தாகச் செலுத்துவோர் இதனை மறத்தலாகாது.

காற்றை அளக்கும் கருவி இல்லாதார்க்கும் வழி உண்டு. 1805இல் பிரித்தானியக் கடற்படையைச் சார்ந்த பிரான்சிஸ் போபோட் காற்றின் வலியைப் படிப்படியாக வகுத்தார். பின்னாளில் நிலத்துக் குறிகளும் அதனோடு சேர்க்கப்பட்டன. இலைகளும் சிறு சுள்ளிகளும் இடைவிடாது அசைந்து மென்கொடி விரியுமாயின் அது 3ஆம் படி, செக்கனுக்கு 3.4 முதல் 5.4 மீற்றர் வரை. புழுதியும் கடதாசியும் எழுந்து சிறுகிளைகள் அசையின் 4ஆம் படி, 7.9 மீற்றர் வரை. இலையடர்ந்த சிறு மரங்கள் ஆடத் தொடங்கின் 5ஆம் படி, 10.7 மீற்றர் வரை. பயிலத் தொடங்கியோர் 3ஆம் படியோடு நிற்றல் நன்று. 5ஆம் படியில் சிறு ட்ரோனைப் பெட்டியினின்று எடாதிருத்தலே அறிவுடைமை.

இனிச் செய்யத்தக்கன சில. விசிறித் தகடுகளில் வெடிப்போ வளைவோ உளதாவென முதலிற் பார்த்தல் வேண்டும். மின்கலம் நிறைந்திருத்தல் வேண்டும். எழுப்பியவுடன் இரண்டு மூன்று மீற்றர் உயரத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி, அது நிலைகொள்கின்றதா, அலைகின்றதா என நோக்குக. அலையுமாயின் உடனே இறக்குக. மின்கலம் பாதியாகுமுன் திரும்புக. மீளும் வேகம் குறையின், கீழே தடை இல்லாத இடத்தில் உயரத்தைக் குறைத்துக் கொண்டுவருக. தானே வீடு திரும்பும் அமைப்பை முற்றும் நம்பற்க. பல ட்ரோன்கள் அதன் பொருட்டு முதலில் உயர எழும், உயரத்திலோ காற்று மிகுதி. இறங்குமிடம் சமதரையாயிருத்தல் வேண்டும். சுழலும் விசிறியைக் கையாற் பிடிக்க முயலுதல் விரலுக்குக் கேடு. எல்லாவற்றினும் மேலாக, ட்ரோனைக் காற்று அடித்துச் செல்லக்கூடிய திசையில் மக்கள் நில்லாதவாறு இடத்தைத் தேர்க.

சட்டத்தையும் மறத்தலாகாது. நம் நாட்டில் இலங்கைச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளை அறிந்து, வேண்டிய அனுமதி பெற்ற பின்னரே ட்ரோனை எழுப்புதல் தகும். 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலியின் அயலில் வாழ்வோர்க்கு இவ்வெச்சரிக்கை இருமடங்கு பொருந்தும்.

விழா நாளன்று படம் வேண்டும் என ஆசிரியரும் பெற்றோரும் நண்பரும் வற்புறுத்துதல் இயல்பு. மரங்கள் ஆடுவதைக் கண்டபின், 'இன்று வேண்டா' என்று சொல்லும் துணிவு செலுத்துவோனுக்கு வேண்டும். படம் எடுக்க மற்றொரு நாள் வரும். ஊறுபட்ட ஒரு பிள்ளையின் கண் மீளாது.