பழைய பிக்கப் வாங்கப் போறீங்களா? சிங்கிள் கேபா, டபுள் கேபா: முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க

மணலி கம்பெனியில ஷிஃப்ட், திருவொற்றியூர்ல வீடு, வாரக் கடைசியில பழவேற்காடு. கையில ரெண்டு தூண்டில், ஒரு ஐஸ் பாக்ஸ், நண்பர்கள் மூணு பேர். இல்லன்னா ஒரு கயாக். இல்லன்னா டிரெயில் ஓட்டற பைக்கை ஏத்திக்கிட்டு எங்கயாவது மண் ரோட்டுக்குப் போகணும். இதுல எதுக்குமே ஹேட்ச்பேக் பத்தாது. உடனே ஓ.எல்.எக்ஸ் திறந்து பழைய பிக்கப் தேட ஆரம்பிச்சிடறோம்.

அங்க முதல்ல குழப்பறது விலை இல்ல, கேபின். 4 லட்சத்துக்கு ஒரு சிங்கிள் கேப் இருக்கும். 10 லட்சத்துக்கு ஒரு டபுள் கேப் இருக்கும். ரெண்டுமே "பிக்கப்"தான். இந்த 6 லட்சம் வித்தியாசம் ரெண்டு கதவுக்காகவும் ஒரு சீட்டுக்காகவும் மட்டும்னு நினைச்சா ஏமாந்துடுவீங்க. கேபின் அளவு மாறினா போர்டு கலர் மாறும், இன்சூரன்ஸ் மாறும், லோன் மாறும், பார்க்கிங்கும் மாறும்.

நம்ம ஊர்ல என்னென்ன கிடைக்குது?

அமெரிக்காவுல இருக்கற மாதிரி நாலஞ்சு வகை கேபின் இங்க கிடையாது. சிங்கிள் கேப்னா மஹிந்திரா பொலேரோ பிக்கப், டாடா யோதா, இசுஸு டி-மேக்ஸ் ரெகுலர் கேப். டபுள் கேப்னா பொலேரோ கேம்பர், ஸ்கார்ப்பியோ கெட்அவே, டாடா ஜெனான், 2016-ல வந்த இசுஸு வி-கிராஸ், 2021-ல வந்த ஹை-லேண்டர். 2022-ல வந்த டொயோட்டா ஹைலக்ஸும் இருக்கு, ஆனா அறிமுக விலையே 33.99 லட்சம். அதோட பழைய வண்டி விலையும் நம்ம சம்பளத்துக்கு ஒத்து வராது, விட்டுடலாம்.

இதுக்கு நடுவுல ஒண்ணு உண்டு. வி-கிராஸ் வர்றதுக்கு முன்னாடியே இசுஸு "ஸ்பேஸ் கேப்"னு ஒரு டி-மேக்ஸ் வித்தாங்க. இந்துஸ்தான் மோட்டார்ஸோட திருவள்ளூர் ஆலையில அசெம்பிள் பண்ணின வண்டி, அதாவது நம்ம பக்கத்து ஊர் தயாரிப்பு. முன்னாடி ரெண்டு சீட், அதுக்குப் பின்னாடி பை, தூண்டில், கேமரா வைக்கற அளவுக்கு மூடின இடம். தனியா இல்லன்னா ஜோடியா சுத்தறவங்களுக்கு உண்மையிலேயே இதுதான் பொருத்தமான அளவு. ஆனா தேடினாலும் சுலபமா கிடைக்காது. கிடைச்சா கூட அது லோடு அடிச்ச வண்டியாத்தான் இருக்கும்.

அளவு டேப் எடுத்துக்கிட்டுப் போங்க

டபுள் கேப்போட பின் டெக் நீளம் சுமார் 1.5 மீட்டர், அதாவது அஞ்சடி. சிங்கிள் கேப்ல கிட்டத்தட்ட எட்டடி. பழைய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் நீளம் சுமார் 2.2 மீட்டர். திருவொற்றியூர்லயே ஆலை வச்சிருந்த கம்பெனி வண்டி, ஆனா அதை வி-கிராஸ் டெக்ல ஏத்தினா பின் சக்கரம் வெளிய நிக்கும். டெயில் கேட்டைத் திறந்து விட்டு, கயிறு கட்டிப் போயிடலாம்னு நினைக்காதீங்க. 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 194(1ஏ): வண்டி பாடியைத் தாண்டி லோடு நீட்டினா 20,000 ரூபாய் அபராதம், அதோட அந்த லோடை இறக்கற செலவும் உங்க தலையிலதான். பத்தடி கயாக்குக்கும் இதே கதைதான். டபுள் கேப்னா அதை டெக்ல இல்ல, மேல ரூஃப் ராக்லதான் கட்டணும். அந்த ராக் செலவையும் கணக்குல சேருங்க.

அப்போ பைக் ஏத்தறவங்களுக்கு சிங்கிள் கேப், ஆள் ஏத்தறவங்களுக்கு டபுள் கேப். பொதுவா இந்த வரியோட பேச்சை முடிச்சிடுவாங்க. பணக் கணக்கு இங்கதான் ஆரம்பிக்குது.

எடை விஷயமும் ஒண்ணு சொல்லிடறேன். ஆர்.சி-யில மொத்த எடையும், வெறும் வண்டி எடையும் போட்டிருக்கும். கழிச்சா வர்றதுதான் ஆளும் சாமானும் சேர்ந்த அளவு. 75 கிலோ ஆள் அஞ்சு பேர் உட்கார்ந்தாலே 375 கிலோ போச்சு. ஓன் போர்டு டபுள் கேப்ல அதுக்கு மேல பெரிசா மிச்சம் இருக்காது. பார்க்க லாரி மாதிரி கம்பீரமா இருக்கும், தூக்கறது காரை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

மஞ்சள் போர்டுன்னா என்ன ஆகும்?

சிங்கிள் கேப் எல்லாமே ஏறக்குறைய சரக்கு வண்டியாத்தான் பதிவாகியிருக்கும். டபுள் கேப்ல வி-கிராஸ், ஹை-லேண்டர் ஓன் போர்டுல வரும். கேம்பர் பெரும்பாலும் மஞ்சள் போர்டு. கேபினைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, ஆர்.சி-யில வாகன வகைன்னு இருக்கற இடத்தைப் பாருங்க. எம்-பரிவாகன் ஆப்ல நம்பர் போட்டாலே தெரிஞ்சிடும்.

நல்ல செய்தி முதல்ல. மஞ்சள் போர்டு ஓட்டத் தனி லைசென்ஸ் வேணுமேன்னு பயப்பட வேண்டாம். 7,500 கிலோ வரைக்கும் சாதாரண எல்.எம்.வி லைசென்ஸே போதும்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன அமர்வு சொல்லிடுச்சு. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பர்மிட்டும் தேவையில்ல.

இப்போ செலவு. எஃப்.சி: வண்டி எட்டு வருஷம் ஆகற வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதுக்கப்புறம் வருஷா வருஷம். நீங்க வாங்கப் போற விலைக்குக் கிடைக்கறது எட்டு வருஷம் தாண்டின வண்டிதான். அப்போ வருஷத்துக்கு ஒரு நாள் லீவ் போட்டு, பெயிண்ட் அடிச்சு, பிரேக் சரி பண்ணி ஆர்.டி.ஓ முன்னாடி நிக்கணும். இன்சூரன்ஸ்: 2022 ஜூன்ல அமலுக்கு வந்த கட்டணப்படி, 1,500 சி.சி-க்கு மேல இருக்கற ஓன் போர்டு காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் 7,897 ரூபாய். வாடகை லோடு வகை சரக்கு வண்டிக்கு, 7,500 கிலோ வரை, 16,049 ரூபாய். வரி தனி. வண்டி மலிவா இருக்கும், இன்சூரன்ஸ் டபுள் மடங்கு.

இதை விட முக்கியமானது: பின்னாடி டெக்ல நண்பர்களை உட்கார வைக்கறது. பழவேற்காடு ரோட்டுல தினமும் பார்க்கறோம், "எல்லாரும் பண்றாங்க"ன்னு தோணும். ஏதாவது ஆச்சுன்னா டெக்ல இருந்தவங்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி சுலபத்துல பணம் தராது. கோர்ட், கேஸுன்னு போய், நஷ்ட ஈடு வண்டி ஓனர் தலையில வந்து விடியலாம். 25 வயசுல அப்படி ஒரு தொகை வந்தா பி.எஃப்., எஸ்.ஐ.பி எல்லாம் சேர்ந்தும் காணாது. மூணாவது ஆள் வழக்கமா வருவார்னா சிங்கிள் கேப் உங்களுக்கு இல்ல. இதுல பேரமே கிடையாது.

கணக்கு

விலையெல்லாம் ஒரு உதாரணத்துக்குத்தான், உங்களுக்குக் கிடைக்கற நம்பரைப் போட்டுக்குங்க.

டபுள் கேப் 10 லட்சம். கையிலிருந்து 3 லட்சம், லோன் 7 லட்சம், 12.5 சதவீதம், 4 வருஷம். ஈ.எம்.ஐ சுமார் 18,600. நாலு வருஷத்துல வட்டி மட்டும் 1.93 லட்சம். அப்புறம் 6 லட்சத்துக்கு வித்தா 4 லட்சம் தேய்மானம். இன்சூரன்ஸ் நாலு வருஷத்துக்கு 1 லட்சம், டயர், சர்வீஸ் எல்லாம் சேர்த்து 1.5 லட்சம். மொத்தம் 8.43 லட்சம். மாசத்துக்கு சுமார் 17,500 ரூபாய், டீசல் இல்லாம.

சிங்கிள் கேப் 4.5 லட்சம். லோன் 2.5 லட்சம், பழைய கமர்ஷியல் வண்டிங்கறதால 14 சதவீதம்னு வைங்க, 3 வருஷம். ஈ.எம்.ஐ சுமார் 8,540, வட்டி 58,000. தேய்மானம் 2 லட்சம், இன்சூரன்ஸ் 96,000, வேலை செலவு 1.8 லட்சம், எஃப்.சி-க்கு 30,000. மொத்தம் 5.64 லட்சம். மாசத்துக்கு 11,750.

விலையில பாதிக்கும் கீழ, ஆனா மாசச் செலவுல வித்தியாசம் 5,800 ரூபாய்தான். அந்த சிங்கிள் கேப்ல அம்மா அப்பாவை ஆஸ்பத்திரிக்கோ கல்யாணத்துக்கோ கூட்டிட்டுப் போக முடியாது. அதுக்கு ஒரு பழைய ஆல்ட்டோ வாங்கினீங்கன்னா மிச்சம் பிடிச்ச 5,800 அங்கயே போயிடும். வீட்ல ஏற்கனவே கார் இருக்கா? அப்போ சிங்கிள் கேப் அர்த்தமுள்ளது. இது ஒண்ணுதான் வீட்டு வண்டின்னா டபுள் கேப்.

இன்னொரு பக்கமும் பாருங்க. மாசத்துக்கு ரெண்டே ட்ரிப், மத்த நாள் வண்டி சும்மா நிக்குதுன்னா, டபுள் கேப்ல ஒரு ட்ரிப் 8,800 ரூபாய், டீசல் தனி. பைக்கையோ கயாக்கையோ கொண்டு போக ஒரு மினி டிரக்கை 2,500 ரூபாய்க்கு வாடகைக்குப் பேசினா மாசம் 5,000-ல வேலை முடிஞ்சது. சொந்த வண்டிங்கற சந்தோஷத்துக்கு விலை இருக்கு, ஒத்துக்கறேன். அது என்ன விலைன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க.

ஃபோர் வீல் டிரைவுக்கும் இங்கயே ஒரு வார்த்தை. எண்ணூர்ல இருந்து பழவேற்காடு வரைக்கும் தார் ரோடு. மணல்ல வண்டியை இறக்கறதுக்குத்தானே ஃபோர் பை ஃபோர்? அதைச் செய்யாதீங்க. ஜனவரியில இருந்து சில மாசம் நம்ம கடற்கரையில பங்குனி ஆமைங்க முட்டை போடற காலம். ஹை-லேண்டர் மாதிரி டூ வீல் டிரைவ் டபுள் கேப்பே இந்தப் பக்கத்துக்குத் தாராளம், விலையும் குறைவு.

நிறுத்த இடம் இருக்கா?

வி-கிராஸ் நீளம் 5.3 மீட்டர். ஸ்விஃப்ட் 4 மீட்டருக்கும் கீழ. அபார்ட்மெண்ட் பார்க்கிங் வழக்கமா 5 மீட்டர்தான், ஒரு அடி வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும், அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்ல உங்க வண்டி ஃபோட்டோ வரும். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை சந்துல திருப்பறதுக்கே ரெண்டு தடவை ரிவர்ஸ் எடுக்கணும். டெஸ்ட் டிரைவை எக்ஸ்பிரஸ்வேல மட்டும் எடுக்காம உங்க தெருவுக்குள்ளயும் எடுங்க.

வட சென்னை வண்டியை வட சென்னைக்காரன் மாதிரி பாருங்க

காசிமேட்டுல மீன் லோடு அடிச்ச சிங்கிள் கேப் நம்ம ஏரியாவுல நிறைய விற்பனைக்கு வரும். ஐஸ் உருகி, உப்புத் தண்ணி டெக் வழியா சொட்டிச் சொட்டி சேசிஸ் மேல விழுந்திருக்கும். மேல புது பெயிண்ட் பளபளன்னு இருக்கும். நீங்க பார்க்க வேண்டியது கீழ. டெக்ல போட்டிருக்கற ஷீட்டைத் தூக்கச் சொல்லுங்க. தண்ணி வடியற ஓட்டை, சேசிஸ் குறுக்குச் சட்டம், பட்டை ஸ்பிரிங் மாட்டற இடம், பிரேக் பைப். சின்ன சுத்தியலால தட்டினா நல்ல இரும்பு டங்குன்னு கேக்கும், அரிச்சது பொத்துன்னு கேக்கும். அடியில மட்டும் புதுசா கருப்பு கோட்டிங் அடிச்சிருந்தா எதையோ மூடியிருக்காங்கன்னு எடுத்துக்கலாம். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், லோடு குறையற நேரம். விலை பேச அப்போ போறது நல்லதுன்னு என் கணிப்பு.

டபுள் கேப்ல கவலை வேற. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல நம்ம பக்கம் முழுக வேண்டியதெல்லாம் முழுகிச்சு. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, சேறு கோடு இருக்கும். பின் சீட்டைத் தூக்கி அடியில போல்ட்டுல துரு இருக்கான்னு பாருங்க, கார்ப்பெட்டை மோந்து பாருங்க. இன்சூரன்ஸ் க்ளெய்ம் ஹிஸ்டரியில 2023 டிசம்பர், 2024 ஜனவரி தேதி இருந்தா என்ன வேலை பார்த்தாங்கன்னு பில் கேளுங்க.

"டெல்லி வண்டி சார், 2 லட்சம் கம்மி"ன்னு ஒருத்தர் வருவார். அங்க பழைய டீசலுக்கு இருக்கற கெடுபிடியால இங்க தள்ளற வண்டிங்க. என்.ஓ.சி வேணும், 12 மாசத்துக்குள்ள தமிழ்நாட்டு நம்பர் மாத்தணும், இங்க வரி கட்டணும். ஆர்.டி.ஓ-வுல அந்த வரி எவ்வளவுன்னு கேட்டு எழுதி வாங்கினதுக்கு அப்புறம் அந்த 2 லட்சம் மிச்சமா இல்லையான்னு பாருங்க.

பணம் கொடுக்கற அன்னிக்கு ஃபார்ம் 29, 30-ல கையெழுத்து, பழைய லோன் இருந்தா பேங்க் என்.ஓ.சி-யோட ஃபார்ம் 35. இன்சூரன்ஸை 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்த அப்ளை பண்ணுங்க. பேர் மாறாம முதல் ட்ரிப் போகாதீங்க, பழவேற்காடு எங்கயும் ஓடிடாது.