ரகசியம் சொன்னால் குலநாசம்!

‘இந்த ஊர் ரகசியத்தை வெளியே சொல்கிறவன் வம்சத்தோடு விளங்காமல் போவான்!’

சாபம்தான். ஆனால் மண்ணை வாரித் தூற்றிக் கொடுத்த சாபமல்ல. பொடிப் பொடிக் கற்களைப் பொறுமையாகப் பதித்து, வழிபாட்டு இடத்தின் தரையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இஸ்ரேலில், சாக்கடல் கரையோரம், என்கேதி என்ற ஊரில் இருக்கும் பழங்கால யூதத் தொழுகைக்கூடம் அது.

ஜெருசலேமிலிருந்து கார் இறங்கிக்கொண்டே போகிறது. கடல் மட்டத்துக்கு 400 மீட்டர் கீழே! காதில் ‘கொய்ங்’. எங்கே பார்த்தாலும் வறுத்தெடுத்த மாதிரி மொட்டைப் பாறை. நடுவில் திடீரென்று அருவி, நாணல், பச்சை. அதுதான் இயற்கைக் காப்பகம். என்கேதி என்றால் ஆட்டுக்குட்டி ஊற்று. பெயருக்கேற்ப, கொம்பு வளைந்த காட்டாடுகள் செங்குத்துப் பாறையில் மாடிப்படி ஏறுவதுபோல ஏறுகின்றன. பாறை இடுக்கிலிருந்து பெருச்சாளி மாதிரி ஒன்று எட்டிப் பார்த்து என் பிஸ்கட்டை முறைத்தது. ஹைராக்ஸ். யானைக்குச் சொந்தக்காரராம்! ஜாதகத்தைச் சரியாகப் பார்த்தார்களா தெரியவில்லை. சவுல் ராஜாவுக்குப் பயந்து தாவீது ஒளிந்ததும் இந்தப் பக்கத்துக் குகையில்தான் என்கிறது பைபிள்.

அருவியில் ஏகக் கூட்டம். கொஞ்சம் தள்ளி இருக்கும் தொழுகைக்கூடத்தில் ஈ, காக்கை இல்லை. தரையில் ஜோடி ஜோடியாகப் பறவைகள். பக்கத்தில் எழுத்து. பன்னிரண்டு ராசிகளின் பெயர்கள்கூட இருக்கின்றன, படமில்லாமல்! அப்புறம்தான் சாபம். சண்டை மூட்டுகிறவன், அந்நியரிடம் கோள் சொல்கிறவன், திருடுகிறவன், ஊர் ரகசியத்தைக் கக்குகிறவன் என்று நாலு பேருக்கும் சேர்த்து ஒரே சாபம். நம் ஆபீஸில் இதைப் பதித்தால் பாதி சீட் காலியாகிவிடும்.

அப்படி என்னய்யா ரகசியம்?

பால்சம் என்று ஒரு செடி. அதன் பிசினில் செய்த வாசனைத் தைலத்துக்கு அந்தக் காலத்தில் ரோமாபுரி வரை கிராக்கி. அந்தத் தொழில் சூட்சுமம்தான் ரகசியம் என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் ஊகம். வெறும் ஊகம்தான். கி.பி. 600 வாக்கில் ஊர் எரிந்து போனது. கடைசிவரை ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு பயம்!

இன்னொரு கூத்தைக் கேளுங்கள். 1970-ல் இங்கே தோண்டியபோது கரிக்கட்டை மாதிரி ஒரு தோல் சுருள் கிடைத்தது. தொட்டால் உதிர்கிற நிலைமை. அப்படியே பத்திரப்படுத்தினார்கள். 45 வருஷம்! 2015-ல் அதை எக்ஸ்ரே ஸ்கேன் செய்த படங்களை, அமெரிக்கக் கம்ப்யூட்டர் பேராசிரியர் பிரென்ட் சீல்ஸ் குழுவினர் கம்ப்யூட்டரிலேயே சுருள் பிரித்தார்கள். சுருளை யாரும் தொடவில்லை. உள்ளே லேவியராகமத்தின் ஆரம்பம், வரி வரியாக!

எல்லோரும் படிக்கட்டும் என்று எழுதியது கரியாகியும் திரும்பி வந்துவிட்டது. சொல்லாதே என்றது போயே போச்சு.

வாசனையாவது மிச்சமிருக்குமோ என்று நப்பாசை. கம்பிக்கு மேல் குனிந்து மூச்சை நன்றாக இழுத்தேன். தூசி. வரிசையாக மூன்று தும்மல். வெளியே மேய்ந்துகொண்டிருந்த காட்டாடு ஒன்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி மேயப் போய்விட்டது.